கடைக்குள் ஓடும் கரண்ட்: வணிகர்கள் கவனிக்க வேண்டிய உயிர்க் கணக்கு



நம் திருப்பூர் வட்டாரம் மின்சாரத்தால் வளர்ந்த வட்டாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து இறங்கி வந்த மின்சாரம்தான் கோவையில் பஞ்சாலைகளை ஓட வைத்தது. கையால் சுற்றிய பின்னல் மெஷின்கள் நம் ஊரில் மோட்டாருக்கு மாறியதும் அதனால்தான். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, விசைத்தறி ஆகியவற்றை நம்பித்தான் இங்குள்ள மளிகைக் கடையும் மொத்தக் கடையும் நடக்கின்றன. கரண்ட் நின்றால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் நம் பற்று வரவு நோட்டில் பாக்கி ஏறும். இது நாம் எல்லோரும் பட்டு அறிந்த கணக்கு.

ஆனால் அதே மின்சாரம் கை தவறினால் ஆளைக் கொல்லும் என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. தீ விபத்துக்குப் பயந்து இன்சூரன்ஸ் எடுக்கிறோம். திருட்டுக்குப் பயந்து இரட்டைப் பூட்டுப் போடுகிறோம். கடைப் பையன் தினமும் தொடுகின்ற ஐஸ்கிரீம் பெட்டியில் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று மத்திய அரசின் குற்றப் பதிவு ஆவணக் கணக்குகள் கூறுகின்றன. வீட்டிலும் கடையிலும் தோட்டத்திலும் வேலை பார்த்துக் கொண்டிருந்த சாதாரண மக்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

நான் மின்சாரம் படித்தவன் அல்லன். பருப்பும் எண்ணெயும் விற்பவன். நாற்பது ஆண்டு குடோன் அனுபவத்தில் கண்டதையும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் நம் பாஷையில் இங்கே எழுதுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஷாக் அடிப்பதை வோல்ட் கணக்கில் பேசுவது நம் வழக்கம். ‘230 வோல்ட் அடித்தது’ என்கிறோம். உண்மையில் உடம்பைச் சேதப்படுத்துவது உடம்பின் வழியாக எவ்வளவு கரண்ட் ஓடியது, எந்த வழியில் ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற மூன்றும்தான். கரண்டை அளப்பது ஆம்பியரில். ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். மனித உயிரின் கணக்கெல்லாம் இந்த மில்லியில்தான் நடக்கிறது.

சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் விரலில் சுருக்கென்று தெரியும். 10 மில்லியைத் தாண்டும்போது கைத் தசைகள் நம் சொல் கேட்காமல் இறுகத் தொடங்கும். 30 மில்லிக்கு மேல் போனால் மார்புத் தசை இறுகி மூச்சு விடுவது கடினமாகும். 50 முதல் 100 மில்லி வரை மார்பு வழியாக ஓரிரு நொடிகள் ஓடினால் இருதயம் தாளம் தப்பிப் போகலாம்.

இந்த அளவு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு உதாரணம். ராத்திரியில் சாமி படத்துக்கு முன்னால் எரிய விடுகின்ற ‘ஜீரோ வாட்’ குண்டு பல்பு உண்மையில் சுமார் 15 வாட் எடுக்கும். அதில் ஓடுகின்ற கரண்ட் சுமார் 65 மில்லி ஆம்பியர். பழைய 40 வாட் பல்பில் ஓடுவது சுமார் 174 மில்லி. ஒரு சின்ன விளக்கை எரிய வைக்கின்ற கரண்ட் ஒரு மனிதனின் விளக்கை அணைக்கப் போதுமானது.

‘கரண்ட் ஆளைப் பிடித்து இழுக்கிறது’ என்று சொல்வார்கள். இழுப்பது கரண்ட் அல்ல, நம் சதையேதான். நம் ஊர்க் கரண்ட் ஒரு நொடியில் 50 முறை முன்னும் பின்னுமாக மாறிக் கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் தசையைச் சுண்டி விடுகிறது. கையை மூடுகின்ற தசைகள் விரிக்கின்ற தசைகளைவிட வலுவானவை. ஆகவே கம்பியைப் பிடித்த கை இன்னும் இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். விட வேண்டும் என்று மனம் சொன்னாலும் கை விடாது. அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் தாமாக முன்வந்த ஆட்களை வைத்து இதை அளந்து பார்த்தார். கையை விட முடிகின்ற கடைசி அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி, பெண்களுக்குச் சராசரியாக 10.5 மில்லி என்று கண்டார். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

அடுத்தது கரண்ட் போகின்ற வழி. ஒரே கையின் இரண்டு விரல்களுக்கு இடையே போனால் விரல் பொசுங்கும், உயிர் தப்பலாம். ஒரு கையில் புகுந்து மறு கையில் வெளியேறினாலும், கையில் புகுந்து காலில் இறங்கினாலும், நடுவில் இருப்பது இருதயம். தாளம் தப்பிய இருதயம் ரத்தத்தைத் தள்ளாமல், பிடித்து வைத்த குருவி போல் வெறுமனே துடித்துக் கொண்டிருக்கும். சில நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கி விடும்.

ஈரமான கை, ஈரமான கால்

‘நான் எத்தனையோ தடவை ஷாக் வாங்கியவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று பெருமை பேசுகிறவர்கள் நம்மில் உண்டு. காய்ந்த தோலும் செருப்பும் அவர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. காய்ந்த தோல் கரண்டைப் பெரிதும் தடுக்கும். அதன் தடை பல ஆயிரம் ஓம் முதல் லட்சம் ஓம் வரை இருக்கலாம். தோல் நனைந்து விட்டால் உடம்பின் மொத்தத் தடையே ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கி விடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். முன்பு சொன்ன எல்லை எல்லாவற்றையும் தாண்டி விட்டது. நேற்றுச் சுருக்கென்று விட்ட அதே பெட்டி, இன்று தரை கழுவிய ஈரத்தில் வெறுங்காலோடு நின்று தொட்டால் ஆளையே முடித்து விடும். வியர்வையும் ஈரம்தான். சித்திரை வெயிலில் மூட்டை இறக்கி வியர்த்து வருகின்ற சுமை தூக்கும் தொழிலாளி, மழையில் நனைந்து வருகின்றவனுக்குச் சமம்.

பியூஸ் இருந்தால் போதாதா?

இதுதான் நம்மில் பலருக்கும் உள்ள தவறான நம்பிக்கை. பியூஸும் அதன் இடத்தில் இப்போது வந்திருக்கின்ற எம்.சி.பி.யும் ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக ஏற்பட்டவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆயிரம் மில்லி ஆம்பியர் வரை அது நிம்மதியாக ஓட விடும். மனிதனைக் கொல்ல 100 மில்லி போதும். ஆள் துடித்துக் கொண்டிருப்பது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. மேலதிகமாக ஒரு பல்பு எரிகிறது என்றுதான் அதற்குத் தோன்றும். பியூஸ் போன இடத்தில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கின்ற கடைகளில் தீயைத் தடுக்கவும் நாதியில்லை.

ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ள கருவி வேறு. நம் ஊர் வயர்மேன்கள் இதைப் பொதுவாக ‘ட்ரிப்பர்’ அல்லது இ.எல்.சி.பி. என்பார்கள். இப்போது கடையில் கிடைப்பது ஆர்.சி.சி.பி. என்ற பெயரில். அதன் வேலை நம் கணக்குப்பிள்ளையின் வேலைதான். லைனில் எவ்வளவு கரண்ட் உள்ளே போயிற்றோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். போனதும் வந்ததும் சரியாக இருந்தால் கணக்கு நேர். நடுவில் ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி விட்டால் வரவு குறையும். கணக்கு 30 மில்லி இடித்தால் அந்தக் கருவி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் இணைப்பைத் துண்டித்து விடும். ஷாக் அடிக்கத்தான் செய்யும். ஆனால் இருதயம் கெடுவதற்குள் பெரும்பாலும் கரண்ட் நின்று விடும். மேலே சொன்ன டால்சியல் தம் ஆராய்ச்சியின் முடிவில் 1961-இல் இந்த வகைக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இதில் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும். 100, 300 என்று உள்ளவையும் கிடைக்கும். அவை இயந்திரத்துக்கும் தீத் தடுப்புக்கும் பயன்படும். ஆள் உயிருக்கு நம்ப முடியாது. இரண்டாவது, ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலும் பிடித்து, மண்ணோடு தொடர்பில்லாமல் மர ஸ்டூலில் நிற்பவரை இது காப்பாற்றாது. கணக்கு நேராக இருப்பதால் அது பேசாமல் இருந்து விடும். மூன்றாவது, அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி செத்து விட்டது என்று அர்த்தம். அமாவாசைக்குக் கடையில் பூசை போடுபவர்கள் அதே நாளில் பொத்தானையும் அமுக்கிப் பார்த்து விடலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளில் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி பற்றிய விதி இருந்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2023-இல் விநியோக விதித் தொகுப்பைத் திருத்தி, மின் இணைப்புகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. தேள் கொட்டிய பிறகு மருந்து தேடுவதைவிட, விதியை மதித்து இப்போதே போட்டு விடுவது புத்திசாலித்தனம்.

‘சும்மா சும்மா விழுகிறது’

ட்ரிப்பர் போட்டிருக்கின்ற கடைகளிலும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது அடிக்கடி விழுந்தால், கழற்றி விட்டு நேர் இணைப்புக் கொடுத்து விடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் என் குடோனில் ட்ரிப்பர் தினம் இரண்டு தடவை விழ ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, “ஐயா, இது சும்மா சும்மா விழுந்துட்டேதான் இருக்குமுங்க. கழட்டிப் போட்டுட்டு டைரக்டா குடுத்தர்றனுங்க, தொந்தரவு இருக்காது” என்றார். “எதுக்கு விழுதுன்னு பாரு தம்பி. கழட்டறதைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றேன். அரை மனதோடு தேடினார். துவரம் பருப்பு மூட்டை அடுக்குக்குப் பின்னால், ஃபேனுக்குப் போகின்ற ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. செம்பு வெளியே தெரிந்து, இரும்பு ரேக்கின் காலைத் தொட்டுக் கொண்டிருந்தது. அந்த ரேக்கை நாள் முழுவதும் நான்கு பேர் கை வைத்துப் பிடித்து ஏறி இறங்குவார்கள். அன்று எலக்ட்ரீஷியன் தம்பியும் ஒன்றும் பேசவில்லை.

நாய் குரைத்தால் திருடன் வந்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். நாயை அடித்து விரட்டக் கூடாது. ட்ரிப்பர் விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் போட்டால் எந்த லைனில் கோளாறு என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து விடலாம்.

எர்த் என்ற மூன்றாவது கம்பி

மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எர்த். சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே அது நீளம். பிரிட்ஜின் உள்ளே ஏதாவது ஒயர் விட்டுப் போய் இரும்பு உடம்பைத் தொட்டாலும், கரண்ட் இந்த வழியாக மண்ணுக்குப் போய் விடும். தொடுகின்றவர் பிழைப்பார். இரண்டு ஓட்டை சாக்கெட்டில் போடுவதற்காக அந்த முள்ளை ஒடித்து விடுவது, காவல்காரனை நாமே வேலையை விட்டு நிறுத்துவதற்குச் சமம்.

கடைக்குப் பின்னால் உள்ள எர்த் குழியையும் கவனிக்க வேண்டும். குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழி கோடையில் காய்ந்து போனால் எர்த் வேலை செய்யாது. நம் பக்கம் மழை குறைவு, மண் சீக்கிரம் காயும். கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது. பழைய கட்டடங்களில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயெல்லாம் இப்போது பிளாஸ்டிக்குக்கு மாறி விட்டது. அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வருடம் ஒரு முறை லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடையைச் சுற்றி ஒரு பார்வை

ரோலிங் ஷட்டர்: வெளியே உள்ள போர்டு லைட்டுக்கு ஷட்டருக்குக் கீழே ஒயர் இழுத்திருப்பார்கள். தினமும் ஷட்டர் அதை நசுக்கும். ஒரு நாள் ஒயரின் தோல் கிழிந்து ஷட்டர் முழுவதும் கரண்ட் ஏறும். காலையில் பூட்டைத் திறக்கின்றவர் வாசல் தெளித்த ஈரத்தில் நிற்பார்.

ஐஸ்கிரீம் பெட்டியும் பிரிட்ஜும்: சதா ஈரம் வடியும் இடம். வாடிக்கையாளர்களின் குழந்தைகள் தொடுகின்ற உயரத்தில் இருக்கும் பெட்டி. தொட்டால் லேசாகச் சுரீரென்றாலும் அன்றே அணைத்து வையுங்கள். எங்கள் வீதியிலேயே ஒரு கடையில் இப்படிச் சுரீரென்றதை ஒரு வாரம் பொறுத்துக் கொண்டிருந்தார்கள். தரை துடைத்துக் கொண்டிருந்த பையன் பெட்டியில் கை ஊன்றியபோது கை ஒட்டிக் கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து மெயின் சுவிட்சைக் கீழே தட்டியதால் பையன் பிழைத்தான். விரல்களில் வடு இன்னும் இருக்கிறது.

தீக்குச்சி பிளக்: ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் சீரியல் செட் போடும்போது பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகி வைப்பது. இதைக் கண்ட இடத்திலேயே பிடுங்கிப் போட வேண்டும். சுவிட்சை அணைத்து விட்டுத்தான்.

மாவு மில், கிரைண்டர், பம்ப்பு மோட்டார்: ஈரமும் இரும்பும் சேர்ந்தவை. மோட்டாரின் உடம்புக்குத் தனி எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது கழுவக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு கழுவுங்கள்.

குடோன்: மெயின் போர்டுக்கு முன்னால் மூட்டை அடுக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் ஐந்து மூட்டையை நகர்த்தி மெயினைத் தேடுவதற்குள் ஆள் போய் விடுவார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரிய வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்கின்ற தம்பிகளுக்குக் கையைப் பிடித்துக் காட்டி விடுங்கள். பாஷை தெரியாததால் ஒரு உயிர் போகக் கூடாது.

தலைக்கு மேல் போகின்ற கம்பி

2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகில் களிமேடு கிராமத்தில் நடந்ததை நாடே அறியும். அப்பர் சதய விழாவுக்கு அலங்கரித்த தேர் வீதியில் வந்து கொண்டிருந்தபோது அதன் மேற்பகுதி உயரழுத்த மின் கம்பியில் பட்டது. சிறுவர்கள் மூவர் உட்பட 11 பேர் மாண்டார்கள். சாலையைப் புதுப்பித்தபோது அதன் மட்டம் உயர்ந்து விட்டது என்பது அப்போது வெளிவந்த செய்திகளில் ஒன்று. தேர் பழைய உயரம், கம்பி பழைய உயரம். இடையில் தரை மட்டும் மேலே வந்து விட்டால் இடைவெளி குறைந்து போகும். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இதில் நமக்கு என்ன பாடம்? நம் கடை வீதிகளிலும் சாலை மேல் சாலையாகப் போட்டு மட்டம் ஏறிக் கொண்டே போகிறது. பனியன் பேல் ஏற்றிய வண்டியும் சாக்கு மூட்டை ஏற்றிய லாரியும் அதே வீதியில்தான் வருகின்றன. லோடுக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுகின்றவர் நிமிர்ந்தால் தலைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கடைப் பெயர்ப் பலகைக்கு இரும்புச் சட்டம் தூக்குகின்ற ஆட்கள், அலுமினிய ஏணியோடு வருகின்ற பெயிண்டர், பிளக்ஸ் கட்டுகின்ற பையன்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் போகின்ற கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. மிக அருகில் போனாலே பொறி பாய்ந்து ஆளைத் தாக்கும். அப்படிப்பட்ட வேலை இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, லைனை நிறுத்திய பிறகு செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் கீழேயும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் கிடந்த மின் ஒயரை மிதித்து விளையாடப் போன இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மின் பெட்டிக்கும் கம்பத்துக்கும் தாங்கு கம்பிக்கும் பக்கத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் யாரையும் இறங்க விடாதீர்கள். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லி விட்டு, ஆள் வரும் வரை பாதையை மறித்து நில்லுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

2012-ஆம் ஆண்டின் கடுமையான மின்வெட்டில் நம்மில் பலர் ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் வாங்கினோம். அவை இன்றும் கடைகளில் இருக்கின்றன. ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராகப் பிளக் பாயிண்டில் கொடுத்தால், நம் கரண்ட் திரும்பி வீதிக் கம்பிக்குப் போகும். லைனை நிறுத்தி விட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கின்ற லைன்மேன் மேல் அது பாயும். நம் கடையில் இரண்டு லைட் எரிவதற்காக ஒரு குடும்பம் இருளில் விழக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும்.

நாம் விற்கும் சாமானுக்கும் பொறுப்பு உண்டு

மளிகையோடு பல்பு, பிளக், ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தண்ணீர் காய வைக்கின்ற ஹீட்டர் ராடு ஆகியவற்றையும் நம்மில் பலர் விற்கிறோம். லைன் வீடுகளில் தங்கியிருக்கின்ற பனியன் கம்பெனித் தொழிலாளர்கள்தான் இவற்றை அதிகம் வாங்குகிறார்கள். லாபம் கூட நிற்கிறது என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சரக்கை வாங்கி வைக்காதீர்கள். ராடு விற்கும்போது இரண்டே வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: “சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியில கை வைக்கணும். இரும்பு பக்கெட் வேண்டாம்.” சொல்ல அரை நிமிடம் ஆகும். துணி காயப் போடுகின்ற இரும்புக் கம்பியை சர்வீஸ் ஒயருக்குப் பக்கத்தில் கட்டி உயிர் விட்டவர்கள் கதையைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். கொடி கட்டக் கம்பி கேட்டு வருபவருக்கு நைலான் கயிற்றை எடுத்துக் கொடுப்பதும் ஒரு தர்மம்தான்.

அடிபட்டவரைக் காப்பாற்றுவது எப்படி?

முதல் விதி: அவரைத் தொடக் கூடாது. பாசத்தில் ஓடிப் பிடித்து ஒன்றுக்கு இரண்டாகப் போன குடும்பங்கள் உண்டு. மெயினை அணைக்க வேண்டும். மெயின் எட்டவில்லை என்றால், காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக் கழியாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கரண்டிலிருந்து தள்ளி விட வேண்டும். உயரழுத்தக் கம்பி என்றால் இதையும் செய்யக் கூடாது. காய்ந்த கட்டையும் அங்கே உதவாது. பத்து மீட்டருக்கு அப்பால் நின்று மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

கரண்டிலிருந்து பிரித்ததும் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆளுக்கு உணர்வு இல்லை, சரியாக மூச்சும் இல்லை என்றால் காத்திருக்க நேரமில்லை. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுவதும் மேலே எழ விட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் நிறுத்தாமல் செய்ய வேண்டும். நின்று போன பம்ப்பை நாம் கையால் அடித்து மூளைக்கு ரத்தம் அனுப்புவதுதான் இது.

இந்த முறையின் வரலாறும் மின்சாரத்தோடு சேர்ந்ததுதான். மின் கம்பத்தில் வேலை செய்தவர்கள் ஷாக் அடித்து இறப்பதைத் தடுக்க வழி தேடும் ஆராய்ச்சியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இறங்கியவர் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின் பொறியாளர். அவரும் ஒரு டாக்டரும் இன்னொரு பொறியாளரும் சேர்ந்து, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று 1960-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்று மாரடைப்பில் விழுந்தவருக்கும் இதே முறைதான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மண்ணைத் தோண்டிப் படுக்க வைத்தால் உடம்பில் ஏறிய கரண்ட் இறங்கி விடும் என்பார்கள். உடம்பில் கரண்ட் தங்குவதே இல்லை. அந்த வேலையில் போவது உயிர் காக்கும் நிமிடங்கள்தான். உணர்வில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலில் போய் விடும். தீப்புண்ணில் எண்ணெய், பேஸ்ட் தடவாதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் போதும்.

எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்லீங்க” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து விடுங்கள். வெளியே கையில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். சிதைந்த தசையிலிருந்து வருகின்ற பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கறுத்துப் போனால் அது அபாய அறிகுறி.

முடிவாக

ட்ரிப்பர் ஒன்றும் புது எர்த்தும் போடுவதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு லோடு சரக்கில் விலை இறங்கினால் நாம் இழப்பது இதைவிட அதிகம். வேலை நேரத்தில் தொழிலாளிக்கு நேர்கின்ற விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது நம் நாட்டில் 1923-லிருந்து உள்ள சட்டம். ஆனால் இழப்பீட்டுக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். நம்மை நம்பிக் காலையில் மகனைக் கடைக்கு அனுப்புகின்ற தாய், இரவு அவன் சோறு தின்ன வருவான் என்று அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அவள் நம்பிக்கைக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மாலை நேரத்தில் மின்வாரியப் பொறியாளர் ஒருவரையும் டாக்டர் ஒருவரையும் அழைத்து, நெஞ்சை அழுத்தும் முறையை உறுப்பினர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் நேரில் செய்து காட்டச் சொல்லலாம். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன்களை வைத்து வீதி வீதியாக எர்த் சோதனையும் நடத்தலாம். பத்துக் கடை சேர்ந்து செய்தால் செலவு குறையும்.

அதுவரை ஒவ்வொருவரும் நாளைக் காலையிலேயே மூன்று காரியம் செய்யலாம். மெயின் போர்டுக்கு முன்னால் உள்ள மூட்டையை நகர்த்துங்கள். ட்ரிப்பர் இருந்தால் டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கி வர ஆள் அனுப்புங்கள். கடைப் பையனைக் கூப்பிட்டு, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.